பாட்டுப் பெட்டியும் ஒரு பழிச்சொல்லும்

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்த்து வந்த அனுபவத்தை எழுதுவதாக நண்பர்கள் சிலரிடம் வாக்களித்து ஓராண்டு ஆகப் போகிறது. 'எங்கே கட்டுரை?' என்று கேட்டவர்களிடம் ஏதேதோ காரணம் சொல்லித் தப்பித்து வந்தோம். உண்மையான காரணம் வேறு. அந்தப் பயணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கல்வெட்டு நினைவுக்கு வரும் முன்னர், கோயில் வாசலில் எஞ்சின் அணைக்கப்படாமல் இரண்டு மணி நேரம் காத்துக்கொண்டிருந்த ஒரு கார்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் உட்கார்ந்திருந்த மனிதரின் முகமும் கூடவே வருகிறது. ஆகவே இது கல்வெட்டைப் பற்றிய கட்டுரை அன்று. ஒரு காரின் பேட்டரி ஏன் இரவோடிரவாக வற்றிப் போனது என்பதைப் பற்றியது. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று நினைப்பவர்கள், கடைசி வரை படித்துவிட்டு அதன் பிறகு கோபித்துக்கொள்ளலாம்.

நாங்கள் நால்வர். திருச்சிராப்பள்ளியில் வெவ்வேறு அலுவல்களில் இருப்பவர்கள். மாதத்தில் ஒரு வார இறுதியைக் கோயில், குடைவரை, கல்வெட்டு என்று கழிப்பது எங்கள் வழக்கம். நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு கார். அது எங்களுள் ஒருவருடையது. இரண்டாம் கையாக வாங்கியது, பத்து வயதைக் கடந்தது. நெடுந்தொலைவுப் பயணங்களுக்கு ஆக்டிங் டிரைவராக ஒரு பெரியவர் வருவார். அறுபதைத் தாண்டியவர். நாங்கள் அவரை 'அண்ணே' என்போம். அவர் எங்களைத் 'தம்பி' என்பார். ஓட்டி முடித்ததும் கூலியை வாங்கிக்கொண்டு ஒதுங்குபவர் அல்லர். எங்களோடு குன்றேறுவார். கல்லில் எழுத்தைக் கண்டால், 'இது என்ன எழுத்து தம்பி? இதுல என்ன போட்டிருக்கு?' என்று முதலில் கேட்பவர் அவராகத்தான் இருக்கும். எங்களுக்கு விடை தெரியாத கேள்விகளையும் அவர் கேட்பதுண்டு.

அந்தக் காரில் பழைய வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் பேச்சு ஒருவாறு கேட்கும், இசை கேட்காது. எங்களுக்கோ பயணம் என்றால் நாகசுரம் வேண்டும். டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் காவிரிப் பாலத்தின் மேல் கேட்க வேண்டும் என்பது எங்களுள் ஒருவரின் நெடுநாள் ஆசை. நால்வரும் பணம் சேர்த்தோம். சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு நாள் கடையொன்றில் வண்டியை விட்டோம். புதிய ஸ்டீரியோ, கதவுகளுக்கு நான்கு ஸ்பீக்கர், டிக்கியில் ஒரு சப்வூஃபர், அதனருகே தட்டையாக, வெள்ளி நிறத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர். நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்தப் பழைய ஒலிப்பதிவுகளோ 78 சுழற்சி இசைத்தட்டுகளில் பிறந்தவை. சப்வூஃபருக்கென்று கொடுப்பதற்கு அவற்றில் கீழ்க்குரல் மிகக் குறைவு. இது எங்களுக்குத் தெரிந்தபோது பணம் கைமாறியிருந்தது. ஆயினும் நாகசுரம் நெஞ்சுக்குள் புகுந்தது. அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல மனமில்லை.

புரட்டாசியில் முதற்பயணம். சனிக்கிழமை விடியலில் புறப்பட்டு நார்த்தாமலை. விசயாலய சோழீச்சுரத்துப் பாறைமேல் பகல் முழுவதும் இருந்தோம். இருட்டியதும் புதுக்கோட்டையில் ஒரு விடுதி. நாங்கள் நால்வரும் மாடியில் இரண்டு அறைகளில் தங்கினோம். ஓட்டுநர்களுக்கென்று விடுதியில் இருந்த கூடத்தில் கொசுத்தொல்லை. எனவே அண்ணன் காருக்குள்ளேயே படுத்துக்கொண்டார். அவருக்கும் ஓர் அறை எடுத்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. 'கட கட'வென்று ஓர் ஒலி, அவ்வளவுதான். முகப்புப் பலகை விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நால்வரும் தள்ளினோம். அண்ணன் இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது. எல்லாரும் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அந்தக் கேள்வி எழுந்தது.

"அண்ணே, ராத்திரி பாட்டுக் கேட்டீங்களா?"

எங்களுள் யார் கேட்டார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நால்வரும் கேட்டதாகவே கொள்க. மற்ற மூவர் மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

"இல்லீங்க தம்பி. சாவியே உங்கட்டதானே இருந்துச்சு."

ஆம், சாவி எங்களிடம்தான் இருந்தது. எனினும் அந்த விடை எங்கள் ஐயத்தைத் தீர்க்கவில்லை. சாவி இல்லாமலும் ஸ்டீரியோவைப் பாட வைக்க முடியுமோ என்னவோ, உள்விளக்கைப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பாரோ என்னவோ. வயதானவர், மறந்திருப்பார் என்று எங்களுக்குள்ளேயே பெருந்தன்மையோடு மன்னித்துக்கொண்டோம். செய்யாத பிழைக்கு ஒருவரை மன்னிப்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் தேநீருக்கு நிறுத்தியபோது, டிக்கியிலிருந்து தம் பையை எடுத்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: "தம்பி, காலைல பையை எடுக்கையில பாத்தேன். பின்னால அந்த வெள்ளிப் பெட்டி சூடா இருந்துச்சு." நாங்கள் தலையாட்டினோம். விசயாலய சோழீச்சுரத்தின் விமானம் எந்த வகையைச் சேர்ந்தது என்னும் விவாதம் அப்போது சூடுபிடித்திருந்தது. அவர் சொன்னது காதில் விழுந்தது, கருத்தில் பதியவில்லை.

திருச்சிக்குத் திரும்பியதும் பேட்டரிக் கடைக்குப் போனோம். பேட்டரிக்கு மூன்று வயது. 'ஆயுள் முடிந்துவிட்டது' என்றார்கள். மறுபேச்சில்லாமல் 35 ஆம்பியர்-மணி திறனுள்ள புதிய பேட்டரி ஒன்றை மாட்டிக்கொண்டோம். நண்பர் நாள்தோறும் ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலுவலகத்துக்குக் காரில் போய்வந்தார். சிக்கல் எதுவும் தெரியவில்லை. நோய் தீர்ந்தது என்றே நம்பினோம்.

ஐப்பசியில் இரண்டாம் பயணம். இம்முறை குடுமியான்மலை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கெல்லாம் அதே விடுதிக்கு வந்து சேர்ந்தோம். சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அடைமழை. வெளியே தலை காட்ட முடியவில்லை. அறையிலேயே அமர்ந்து, அந்தக் கல்வெட்டைப் பற்றி அறிஞர்கள் எழுதியவற்றைப் படித்துப் பொழுதைப் போக்கினோம். கார் வேப்பமரத்தடியில் நின்றது நின்றபடியே இருந்தது. அண்ணன் இரண்டு இரவுகளும் காருக்குள் படுக்கவில்லை. விடுதியின் முன்வாசல் திண்ணையில், சாரல் தெறிக்கும் இடத்தில், துண்டை விரித்துப் படுத்திருந்தார். 'ஏன் அண்ணே, உள்ள படுக்கலாமே?' என்று கேட்டோம். 'காத்தோட்டமா இருக்கு தம்பி' என்றார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணி. சாவியைத் திருப்பினோம். இம்முறை 'கட கட' ஒலிகூட இல்லை. புத்தம் புதிய பேட்டரி செத்துக் கிடந்தது.

அண்ணன் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். அவர் எதுவும் சொல்லவில்லை. தெருமுனைக்குப் போய், சுற்றுலா வேன் ஓட்டுநர் ஒருவரை ஜம்பர் கேபிளோடு அழைத்து வந்தார். சிவப்புக் கம்பியின் ஒரு முனை எங்கள் பேட்டரியின் நேர்முனையில், மறுமுனை வேனின் நேர்முனையில். கறுப்புக் கம்பியின் ஒரு முனை வேனின் எதிர்முனையில், கடைசி முனை மட்டும் எங்கள் எஞ்சினின் வெற்று இரும்பில். 'பேட்டரிக்குப் பக்கத்துல கடைசிப் பொறி விழக் கூடாது தம்பி, கேஸ் இருக்கும்' என்று விளக்கிக்கொண்டே மாட்டினார். மின்னேற்றும்போது பேட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜனைத்தான் அவர் கேஸ் என்றார். வண்டி உயிர் பெற்றது.

குடுமியான்மலை வாசலில் எஞ்சினை அணைக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. மறுபடி எடுக்காவிட்டால் அங்கே யாரைத் தேடுவது? 'நீங்க போயிட்டு வாங்க தம்பி, நான் வண்டில இருக்கேன்' என்றார். நாங்களும் போனோம். மேலைக்கோயில் குடைவரைக்கு அருகில், பாறை முகத்தில், பல்லவ கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாகச் சுரங்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே சுரம் ச, சி, சு, செ என்று உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. உருத்திராசாரியாரின் மாணவனான ஓர் அரசன் செய்வித்தது என்று கல்லே சொல்கிறது. அந்த அரசன் யார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு மணி நேரம் மெய்மறந்து நின்றோம். 'இது என்ன எழுத்து தம்பி?' என்று கேட்க மட்டும் அங்கே ஆள் இல்லை.

கார்த்திகைப் பயணத்துக்கு அழைத்தபோது, 'வேற சவாரி ஒத்துக்கிட்டேன் தம்பி' என்றார். மார்கழியிலும் அதே விடை. எங்களுக்குப் புரிந்தது. புரியாதது போல் இருந்தோம்.

இதற்கிடையே, ஸ்டீரியோ மாட்டிய கடைக்கு நண்பர் போய்க் கேட்டார். 'இந்த சிஸ்டத்துக்கு பேட்டரி பத்தாது சார். ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டுடுங்க, சரியாயிடும்' என்றார்களாம். மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் நால்வருள் உண்டு. அதுவரை கார் விவகாரத்தில் தலையிடாமல் இருந்தவர், கெப்பாசிட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். 14 வோல்ட்டில் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் தேக்கி வைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 100 ஜூல். 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி பேட்டரி தேக்கி வைப்பது ஏறத்தாழ 15 இலட்சம் ஜூல். "அண்டா ஓட்டையா இருக்கு, பக்கத்துல ஒரு கரண்டி வச்சுக்கோன்னு சொல்றான்" என்றார். முரசு அதிரும் கணத்தில் மின்னழுத்தம் சற்றே தாழாமல் தாங்கிப் பிடிப்பதுதான் அந்தக் கெப்பாசிட்டரின் வேலை. இரவில் பேட்டரி வற்றுவதை அது தடுக்காது.

பிறகு அவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார். மாடித் தொட்டியை உவமையாக்கினார். பேட்டரி ஒரு தொட்டி. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் என்னும் மோட்டார் அதை நிரப்புகிறது. செல்ஃப் எடுப்பது ஒரே மூச்சில் அண்டாக்கணக்கில் மொண்டு ஊற்றுவது போன்றது. அந்தச் சில நொடிகளில் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். எஞ்சினை அணைத்த பிறகும் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் கசியும்: கடிகாரம், ஸ்டீரியோவின் நினைவகம், எஞ்சினின் கணினி ஆகியவற்றுக்காக. பெரும்பாலான கார்களில் இந்தக் கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் குற்றமில்லை. அதற்கு மேல் போனால் எங்கோ ஒரு குழாய் சரியாக மூடவில்லை என்று பொருள். குழாய் ஒழுகும்போது தொட்டியை மாற்றுவதால் என்ன பயன்? நாங்கள் மாற்றியது தொட்டியைத்தான்.

'பழைய பேட்டரி?' என்று கேட்டோம். 'அதையும் நாமதான் கொன்னிருக்கணும்' என்றார். பிரான்சு நாட்டுப் பிளாண்டே 1859இல் ஈயத்தையும் அமிலத்தையும் வைத்து மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலத்தைச் செய்தார். அன்றிலிருந்து இன்று வரை அதற்கு ஒரு குணம் மாறவில்லை. வற்றிய நிலையில் கிடந்தால் ஈயத் தகடுகளின் மேல் படியும் ஈய சல்பேட்டு இறுகிக் கல்லாகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

அவர் வேறொன்றும் சொன்னார். 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் கெட்டரிங் உருவாக்கிய மின் செல்ஃப் வரும் வரையில் காரைக் கையால் சுழற்றித்தான் கிளப்பினார்கள். 1930இல் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்கள் காருக்கான வானொலியை விற்கத் தொடங்கி, அதற்கு மோட்டோரோலா என்று பெயர் வைத்தார்கள். ஆக, கார் கிளம்புவதும் பேட்டரியால்தான், பாடுவதும் பேட்டரியால்தான். 'ஒரே தொட்டியிலதான் ரெண்டு பேரும் தண்ணி எடுக்கறாங்க. யார் அதிகமா எடுக்கறாங்கன்னு அளந்து பாக்காம சண்டை போடக் கூடாது' என்றார். அவர் எதை நினைத்துச் சொன்னாரோ, எங்களுக்குச் சுருக்கென்றது.

மார்கழியின் கடைசி ஞாயிறு. நண்பர் வீட்டு வாசலில் காரை நிறுத்திச் சோதனையைத் தொடங்கினோம். இதே தொல்லையில் சிக்கியிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் செய்ததை வரிசையாக எழுதுகிறோம்.

முதல் நாள் இரவே பேட்டரிக்குச் சார்ஜர் போட்டு, நிதானமாக முழுதும் ஏற்றிச் சில மணி நேரம் ஆறவிட்டிருந்தோம். மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட், நிறைந்த பேட்டரியின் அளவு இதுதான். 12.2க்கு வந்தால் ஏறத்தாழப் பாதி வற்றிவிட்டது என்று பொருள். எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். 14.1 வோல்ட். 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஆல்டர்னேட்டர் குற்றவாளி அன்று.

பிறகு எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்தோம். உள்விளக்கு எரியாதிருக்கக் கதவுகளைச் சாத்தினோம். டிக்கியைத் திறந்தே வைக்க வேண்டியிருந்ததால் அதன் பல்பைக் கழற்றினோம். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி இணைத்தோம். இந்த நிலையில் மறந்தும் சாவியைத் திருப்பக் கூடாது. செல்ஃபின் நூறு ஆம்பியர் மீட்டருக்குள் பாய்ந்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

இணைத்தவுடன் இரண்டு ஆம்பியருக்கு மேல் காட்டியது. பதறிப் போனோம். பெரியவர் பதறவில்லை. வண்டியின் கணினிகள் உறங்க நேரம் பிடிக்கும் என்றார். முக்கால் மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். எண் படிப்படியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது: 0.93.

930 மில்லி ஆம்பியர். இருக்க வேண்டிய அளவின் பதினெட்டு மடங்குக்கும் மேல்! பெரியவர் தாளில் எழுதினார். புதுக்கோட்டையில் வெள்ளி மாலை ஆறு முதல் ஞாயிறு காலை ஆறு வரை 36 மணி நேரம். பெருக்கினால் 33 ஆம்பியர்-மணிக்கு மேல். பேட்டரியின் மொத்தத் திறனே 35. அந்தக் காலையில் 'கட கட' ஒலிகூட வராததில் வியப்பென்ன? யாரும் பாட்டுக் கேட்க வேண்டியதில்லை. விளக்கை மறக்க வேண்டியதில்லை. வண்டி சும்மா நின்றாலே போதும்.

நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்து, எந்தக் குழாய் ஒழுகுகிறது? முகப்புப் பலகைக்குக் கீழிருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து, மறுபடி செருகினோம். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அந்தச் சுற்றில்தான் குற்றம். பிடுங்கினோம், பிடுங்கினோம்... உள்ளே இருந்தவை தீர்ந்தன. பானெட்டுக்கு அடியில் இருந்தவையும் தீர்ந்தன. இரண்டு மூன்று ஃபியூஸ்களில் எண் மயிரிழை அசைந்ததே தவிர 0.9க்குக் கீழே வரவேயில்லை. நேரம் நண்பகலைத் தாண்டியது. வீட்டம்மா சாப்பிட அழைத்தார். மீட்டரே பழுதோ என்று எங்களுள் ஒருவர் கேட்டார். அதுவரை மனிதர்மேல் பழி போட்டவர்கள், இப்போது மீட்டர்மேல் போடத் தொடங்கியிருந்தோம்.

அப்போதுதான் கல்வெட்டுப் படிக்கும் நண்பர் மெல்லச் சொன்னார்: "அண்ணன் ஒண்ணு சொன்னாரே... வெள்ளிப் பெட்டி சூடா இருக்குன்னு."

டிக்கிக்குள் கையை நுழைத்து ஆம்ப்ளிஃபயரைத் தொட்டோம். மார்கழிக் குளிரில் இரவெல்லாம் நின்ற வண்டி. காலையில் எஞ்சின் ஓடியதும் சில நிமிடங்கள்தான், அப்போதும் பாட்டுப் போடவில்லை. பெட்டி, அடைகாத்த முட்டை போல வெதுவெதுப்பாக இருந்தது. 12 வோல்ட், 0.9 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 11 வாட். இரவும் பகலும் ஒரு சிறு பல்பு போல அது எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அதன் பக்கவாட்டில் இருந்த ஃபியூஸைப் பிடுங்கினோம். மீட்டர் 0.03க்கு வீழ்ந்தது.

முப்பது மில்லி ஆம்பியர். குற்றமற்ற அளவு.

வண்டியின் ஃபியூஸ் பெட்டியில் ஏன் அகப்படவில்லை என்பதும் விளங்கியது. ஆம்ப்ளிஃபயருக்கான தடித்த கம்பி பேட்டரியிலிருந்து நேராகப் போகிறது. அது ஃபியூஸ் பெட்டியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியானால் அது எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்று யார் சொல்வது? அதற்கென்று ஸ்டீரியோவிலிருந்து நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று போகும். ஸ்டீரியோ இயங்கும்போது மட்டும் அதில் 12 வோல்ட் வரும். அதைக் கண்டு ஆம்ப்ளிஃபயர் விழிக்கும். ஸ்டீரியோ அணைந்தால் அதுவும் உறங்கும். ஸ்டீரியோவைக் கழற்றிப் பின்னால் பார்த்தோம். நீல வெள்ளைக் கம்பி யாரும் சீந்தாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்த கம்பியை மஞ்சள் கம்பியோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மஞ்சள் என்பது சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்நேரமும் மின்சாரம் இருக்கும் கம்பி, ஸ்டீரியோவின் நினைவகத்துக்கானது. சிவப்புத்தான் சாவியோடு சேர்ந்து உயிர் பெறுவது. யாரோ அவசரத்தில் கைக்கு எட்டிய கம்பியில் முறுக்கிவிட்டார்கள். ஆவணியிலிருந்து எங்கள் ஆம்ப்ளிஃபயர் ஒரு நொடிகூட உறங்கவில்லை. நண்பர் நாள்தோறும் வண்டியை எடுத்தபோது தொட்டி ஓரளவு நிரம்பியதால் கசிவு வெளியில் தெரியவில்லை. நின்றபோது தெரிந்தது. நின்ற இடங்களில் எல்லாம் அண்ணன் இருந்தார்.

முறுக்கை அவிழ்த்து உரிய கம்பியில் இணைக்கப் பத்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. தேடும்போதே இன்னொன்றும் அகப்பட்டது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை போன அந்தத் தடித்த கம்பிக்குப் பேட்டரி அருகே ஃபியூஸே இல்லை. வழியில் எங்காவது தேய்ந்து இரும்பில் பட்டிருந்தால் கம்பியே பழுத்துத் தீப்பற்றியிருக்கும். அதற்குள் ஒரு மனிதரைத் தூங்க வைத்தோம். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தொலைவிலேயே ஃபியூஸ் போட்டுவிட்டுத்தான் அன்று சாப்பிட உட்கார்ந்தோம்.

மாலையில் நால்வரும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். தொலைபேசியில் சொல்லும் செய்தியாக அது தோன்றவில்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்துகொண்டார்.

"அண்ணே, பேட்டரி எறங்குனதுக்குக் காரணம் கெடச்சிருச்சு. நீங்க சொன்ன அந்த வெள்ளிப் பெட்டிதான். ராவும் பகலும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. நாங்கதான் உங்களை..."

வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவரும் முடிக்கச் சொல்லவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"நாப்பது வருசமா வண்டி ஓட்டுறேன் தம்பி. எறங்கையில எல்லா சுச்சையும் ஒருதரம் தொட்டுப் பாக்காம எறங்குனதில்ல. அதை நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க அதைக் கேக்கல, பாட்டுக் கேட்டியான்னு கேட்டீங்க."

எங்களிடம் விடை இல்லை. உள்ளே திரும்பித் தேநீர் போடச் சொன்னார். தேநீரைக் குடித்து முடித்தபோது அவரே தொடர்ந்தார்: "சரி விடுங்க. இனிமே மொதல்ல மீட்டரைப் பாருங்க, அப்புறம் ஆளைப் பாருங்க."

கல்லில் ஓர் எழுத்து மழுங்கியிருந்தால், அது 'ர'வா 'ா' என்னும் துணைக்காலா என்று முடிவு செய்ய மூன்று நாள் விவாதிப்பவர்கள் நாங்கள். சான்று இல்லாமல் ஒரு சொல்லையும் ஏற்பதில்லை என்று பெருமையாகப் பேசுவதும் உண்டு. ஒரு மனிதரைப் பற்றி முடிவு செய்ய எங்களுக்கு மூன்று நிமிடங்கள்கூடத் தேவைப்படவில்லை. இருந்த ஒரே சான்றையும் அவர்தான் கொண்டுவந்து தந்தார். அதை நாங்கள் படிக்கவில்லை.

தை மாதம் மீண்டும் குடுமியான்மலைக்குப் போனோம். அண்ணன்தான் ஓட்டினார். புதுக்கோட்டையில் அவருக்கும் ஓர் அறை எடுத்தோம். கார் ஒரு பகலும் ஓர் இரவும் வேப்பமரத்தடியில் நின்றது. காலையில் டிக்கியைத் திறந்து ஆம்ப்ளிஃபயர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். 'சில்லுன்னு இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாவியைத் திருப்பினார். ஒரே செல்ஃபில் எடுத்தது.

கோயில் வாசலில் எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எங்களோடு உள்ளே வந்தார். பாறையின் முன் நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இது என்ன எழுத்து தம்பி?"

"கிரந்தம் அண்ணே. சுரம் எழுதி வச்சிருக்கு."

"யாராச்சும் இதைப் பாடிக் காட்டுவாங்களா?"

நால்வரும் விழித்தோம். எங்களுக்கு விடை தெரியாத அவருடைய கேள்விகளின் பட்டியலில் அதுவும் சேர்ந்தது.

திரும்பும் வழியில் வெயில் தாழ்ந்ததும் மரத்தடியில் வண்டியை நிறுத்தித் தோடியைக் கேட்கலாமா என்றோம். "போய்க்கிட்டே கேப்போம் தம்பி, எஞ்சின் ஓடுறப்பவே" என்றார் அண்ணன். பாட்டு ஓடத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தோம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.